ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக் கதவை ஏன் தட்டுகிறார்கள்?

மழைத்துளி (கேள்வி கேட்டவர்):

எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு டெங்கு என்று உறுதியானது. உடனே சுகாதாரப் பணியாளர்கள் வந்துவிட்டார்கள். அவர் வீட்டோடு நிற்கவில்லை, வரிசையாக எல்லா வீடுகளுக்கும் போனார்கள். யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள், மொட்டைமாடியில் என்ன கிடக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. சிலர் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், சிலர் கதவையே திறக்கவில்லை. "நோய் வந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. நோய் வந்தால் மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. பல நோய்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, நான் எல்லாம் போட்டுக்கொண்டவள், என் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். அப்படியிருக்க அடுத்தவர் போட்டாரா இல்லையா என்பது எனக்கு எதற்கு, என்னைப் பற்றிய விவரம் அவர்களுக்கு எதற்கு?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. பணியாளர்கள் வந்து போனதிலிருந்து அந்தக் குடும்பத்தின் பிள்ளையோடு மற்ற பிள்ளைகளை விளையாட விடுவதில்லை. டெங்கு தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் இப்படி நடக்கிறது. நல்லதற்காகத்தான் விசாரிக்கிறார்கள் என்றாலும் அதனால் ஒரு குடும்பம் ஒதுக்கப்படுகிறதே.

குடியிருப்பில் தன்னார்வலராகச் சேர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர்வதற்கு முன் இதையெல்லாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

தெருமுனை:

தொற்றுநோய்த் தடுப்பில் களப்பணி செய்கிறவள் நான், அதனால் கதவைத் தட்டுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டெங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராக வருவதில்லை, நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும். காய்ச்சல் தொடங்க ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், காய்ச்சல் அடிக்கிற நாட்களிலும் இருக்கும். அப்போது அவரைக் கடித்த கொசுவின் உடலுக்குள் வைரஸ் பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன் பிறகு அந்தக் கொசு சாகும்வரை யாரைக் கடித்தாலும் நோயைக் கொடுக்கலாம். இப்போது உங்கள் அண்டை வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், சரி, அவரைக் கடித்த கொசு எங்கே இருக்கிறது? ஏடிஸ் நெடுந்தூரம் பறக்காது, பெரும்பாலும் தான் பிறந்த இடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். அவருக்கு நோயைக் கொடுத்த கொசுவும் அவரிடமிருந்து நோயை வாங்கிய கொசுவும் உங்கள் குடியிருப்பிலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்கு நாங்கள் போவது இதற்காகத்தான்.

அதோடு, டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு எந்த அறிகுறியும் வராது, அல்லது வந்தது தெரியாமல் போய்விடும். அவர்களைக் கடிக்கிற கொசுவுக்கும் வைரஸ் போகும். ஒருவருக்கு உறுதியானது என்றால் சுற்றி வேறு சிலருக்கும் ஏற்கெனவே தொற்றியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். "யாருக்காவது காய்ச்சலா" என்ற கேள்வி அதற்கானது.

தண்ணீர்ப் பாத்திரங்களைப் பற்றிக் கேட்பதற்கும் காரணம் உண்டு. இந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்குகிற ஓரளவு தெளிந்த தண்ணீரே அதற்குப் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கழுவினால் புழு கொசுவாக மாறுவதற்குள் அழிந்துவிடும். எத்தனை வீட்டில் எப்படித் தேய்த்தாலும், யாரும் ஏறிப் பார்க்காத ஒரு மொட்டைமாடியில் டயர் ஒன்று மழைத்தண்ணீரோடு கிடந்தால் அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் வரும். தனி ஒருவர் தன் வீட்டை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு டெங்குவிலிருந்து தப்பித்துவிட முடியாது.

புகை அடித்தால் போதாதா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் துணி மறைவில், கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிற ஏடிஸையும் அது முழுசாக எட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் மக்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், வீடு வீடாகப் போய்த் தொட்டியைப் பார்ப்பது யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. எனக்கு இது ரொம்ப நாள் வருத்தம்.

காசநோய்க்காக நாங்கள் வந்தால் கேள்விகள் வேறாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா என்று கேட்போம். உலக மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். சிறு குழந்தைக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கும் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்தால் நோய் வராமலிருக்கவே மருந்து கொடுக்கலாம். அந்தக் குழந்தைக்கு நோய் முற்றும்வரை அதை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை, நாங்கள்தான் அங்கே போக வேண்டும்.

எண்கணக்கு:

மேலே சொன்னதற்கு நான் சேர்க்க எதுவும் இல்லை. தடுப்பூசி பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் வருகிறேன், வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

சில தடுப்பூசிகள் போட்டுக்கொண்டவரை மட்டுமே காக்கும். டெட்டனஸ் அப்படித்தான், அந்தக் கிருமி மண்ணிலிருந்து காயத்துக்குள் போகிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஊரே போட்டுக்கொண்டாலும் போடாதவருக்கு அதனால் பயனில்லை. தட்டம்மை இதற்கு நேர் எதிர். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் தட்டம்மை வந்த ஒருவர் சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அவர் இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம்வரை காற்றில் வைரஸ் தங்கியிருக்கும். 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பு இருந்தால் நோய் ஒருவருக்குத்தான் போகும், அந்த ஒருவரைச் சுற்றியும் அதே விகிதம் இருந்தால் சங்கிலி வளராது. 14-ஐ 15-ஆல் வகுத்தால் 93 சதவீதம் வருகிறது. 95 சதவீதம் பேருக்காவது போட்டிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

மிச்சமுள்ள 5 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தடுப்பூசி போடும் வயது வராத கைக்குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். இவர்கள் போட விரும்பினாலும் முடியாது. போட்டுக்கொண்டவர்களிலும் சிலருக்கு அது வேலை செய்யாது, தட்டம்மைக்கு இரண்டு தவணையும் போட்டவர்களில் 100-க்கு 3 பேருக்குப் போதிய பாதுகாப்பு வருவதில்லை. அந்த மூன்று பேரில் நீங்களும் ஒருவரா என்பது உங்களுக்கே தெரியாது. அதனால் அடுத்தவர் போட்டாரா என்பது உங்களையும் தொடுகிற விஷயம்தான்.

சராசரியை நம்பி ஏமாறக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டத்தில் 95 சதவீதம் என்று ஏட்டில் இருக்கும், ஆனால் போடாத குடும்பங்கள் ஒரே தெருவில், ஒரே பள்ளியில் சேர்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் 60 சதவீதமாக இருக்கலாம். வைரஸ் மாவட்டச் சராசரியைப் பார்த்துப் பரவுவதில்லை. எந்தத் தெருவில் ஓட்டை இருக்கிறது என்பது வீடு வீடாகப் போகிறவருக்குத்தான் தெரியும்.

பெரியம்மை ஒழிந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. எல்லோருக்கும் தடுப்பூசி போட்டால் நோய் தானே போய்விடும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். 1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் தடுப்பு மருந்து போதாத நிலையில் வில்லியம் ஃபோகி என்ற அமெரிக்க மருத்துவரும் உடனிருந்தவர்களும் வேறு வழியில் போனார்கள். நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடினார்கள், நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் போட்டார்கள். ஊர் முழுக்கப் போடாமலே பரவல் நின்றது. பிறகு மற்ற நாடுகளிலும் இதையே செய்தார்கள், பணியாளர்கள் கையில் அம்மை வந்த குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு "இப்படி யாரையாவது பார்த்தீர்களா" என்று வீடு வீடாகக் கேட்டார்கள்.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அலி மாவ் மாலின், 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்கா நகரில். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர். அம்மை வந்த குழந்தைகளை ஏற்றிப்போன வண்டிக்கு வழிகாட்ட ஏறி உட்கார்ந்தார், சில நிமிடப் பயணம்தான், தொற்றிவிட்டது. ஊசி வலிக்கும் என்று பயந்து அதுவரை தடுப்பூசியைத் தவிர்த்தே வந்திருந்தார். அவரோடு பழகியவர்களைத் தேடி, அந்தப் பகுதியில் 50,000-க்கும் மேற்பட்டோருக்கு இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டார்கள், நோய் அங்கேயே நின்றது. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார சபை அறிவித்தது. மாலின் பிழைத்தார். பிற்காலத்தில் அவர் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தயங்குகிற பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். 2013-ல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியாவில் இறந்தார். அந்த மனிதரைப் பற்றி மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

திறந்த ஜன்னல்:

இரண்டு பதில்களும் அருமை, ஆனால் மழைத்துளி கேட்ட மூன்றாவது விஷயத்தை இரண்டு பேருமே தொடவில்லை. அந்தப் பிள்ளையை யாரும் விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை என்கிறார். இது பக்கத்தில் எழுதிவிட்டு மறக்கிற சின்ன விஷயம் இல்லை.

என் குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் வந்தது. விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி நோயின் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். மருந்து தொடங்கி, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களிடமிருந்து சில வாரங்களிலேயே பரவுவது நின்றுவிடும் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் யாருமே சொல்லவில்லை. அடுத்து அந்தத் தெருவில் யாருக்காவது இருமல் வந்தால் சொல்வார்களா? மறைப்பார்கள். மறைத்தால் நோய் பரவும். ஆகவே ரகசியம் காப்பது என்பது நோயாளிக்குச் செய்கிற கருணை என்று மட்டும் நினைக்காதீர்கள், நோயைக் கட்டுப்படுத்துகிற வேலையே அதில்தான் தொடங்குகிறது.

சமூகத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் தனி மனிதரை நசுக்கியதும் வரலாற்றில் உண்டு. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண், டைபாய்டு கிருமியைச் சுமந்தவர், அவருக்கு எந்த நோயும் தெரியவில்லை. 1907-ல் பிடித்துத் தீவில் அடைத்தார்கள். 1910-ல் இனி சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். துணி வெளுக்கும் வேலையில் சமையலுக்குக் கிடைத்த சம்பளம் கிடைக்கவில்லை, வேறு பெயரில் திரும்பவும் சமைக்கப் போனார், ஒரு மகப்பேறு மருத்துவமனையில் டைபாய்டு பரவி இரண்டு பேர் இறந்தார்கள். 1915-ல் மறுபடி அடைத்தார்கள், 1938-ல் சாகும்வரை வெளியே விடவில்லை. அவரைப் போலக் கிருமியைச் சுமந்தவர்கள் அந்த நகரத்தில் வேறு பலரும் இருந்தார்கள், அவர்களை இப்படி ஆயுள் முழுக்க அடைக்கவில்லை.

மேரி செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, இறந்தவர்கள் இறந்தவர்கள்தான். ஆனால் அடுப்பை விட்டு விலகச் சொன்னவர்கள் அவர் எதை வைத்துப் பிழைப்பார் என்று யோசித்தார்களா? இன்றைக்கும் அதே கதைதான். தினக்கூலியிடம் பத்து நாள் வீட்டில் இரு என்று சொல்வது எளிது. அந்தப் பத்து நாள் கூலியை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தனிமைப்படுத்தல் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தெருமுனை:

திறந்த ஜன்னல், உங்கள் வீட்டு வாசலில் நடந்தது நடந்திருக்கவே கூடாது. எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதே அதுதான், தொடர்பில் இருந்தவரிடம் "உங்களுக்குத் தொற்று வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது, பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும், யாரிடமிருந்து என்று சொல்லக்கூடாது. எச்ஐவி பணியில் இது இன்னும் கண்டிப்பு. அங்கே பாதிக்கப்பட்டவர்களே அமைப்பாகச் சேர்ந்து போராடித்தான் இந்த மரியாதையை வாங்கினார்கள். இன்று மருந்தை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் எச்ஐவி பரவுவதில்லை என்பது நிரூபணமான உண்மை. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

ஒரே ஒரு இடத்தில் உங்களோடு வேறுபடுகிறேன். ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக விசாரணையே வேண்டாம் என்று சிலர் போய்விடுகிறார்கள், நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விசாரிக்காமல் விட்டால் அதன் விலையை அடுத்த வீட்டுக் கைக்குழந்தை கொடுக்கும். கூலி விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மருந்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய், அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பழைய வரைபடம்:

நான் மருத்துவத் துறை இல்லை, மருத்துவ வரலாறு படிக்கிற ஆர்வம் மட்டும். பொது சுகாதாரம் என்றதும் எல்லோரும் 1854-ல் லண்டன் பிராட் தெருக் காலராவைச் சொல்வார்கள், ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்து வரைபடம் போட்டார், தெருவில் இருந்த குடிதண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்று. அதில் இன்னொருவர் இருந்தார், அவரைப் பற்றிப் பேசுவது குறைவு. ஹென்றி வைட்ஹெட், அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் பாதிரியார். தண்ணீர்தான் காரணம் என்று ஸ்நோ சொன்னதை அவர் நம்பவில்லை, தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போனார். தினமும் பார்க்கிற முகங்கள் என்பதால் மக்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள், ஒரே வீட்டுக்கு மீண்டும் மீண்டும் போய்க் கேட்டார். இறந்தவர்கள் எந்தத் தண்ணீர் குடித்தார்கள், பிழைத்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்று எழுதி எழுதிப் பார்த்தபோது ஸ்நோ சொன்னது சரி என்ற முடிவுக்கு அவரே வந்தார். அந்தத் தெருவில் 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த ஒரு கைக்குழந்தையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதன் துணி அலசிய தண்ணீரைத் தாய் கொட்டிய கழிவுக்குழி அந்தப் பம்புக் கிணற்றை ஒட்டியே இருந்தது, தோண்டிப் பார்த்தபோது கசிவு தெரிந்தது. ஸ்நோவின் அறிவு மட்டும் இருந்திருந்தால் நோய் எங்கிருந்து தொடங்கியது என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். அந்தத் தாய்க்குத் தெரிந்த ஒருவர் கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

மருந்தும் தடுப்பூசியும் இருக்கும்போது இது எதற்கு என்று மழைத்துளி கேட்டதற்கு நரம்புச் சிலந்தி நோயைப் பதிலாகச் சொல்வேன். அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரில் இருக்கிற மிகச்சிறிய பூச்சியை விழுங்குவதால் உள்ளே போகிற புழு, ஏறக்குறைய ஒரு வருடம் உடலுக்குள் வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால் அந்தத் தண்ணீரில் குஞ்சுகளை விடும். 1980-களின் நடுவில் ஆண்டுக்கு சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பீடு. 2021 முதல் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குப் பதினைந்து பேரைத் தாண்டவில்லை. எப்படிக் குறைந்தது என்றால், குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள், புழு வெளிவருகிறவர்களைக் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள், யாருக்கு வந்தாலும் அன்றைக்கே தெரியப்படுத்தினார்கள். இதை ஒவ்வொரு கிராமத்திலும் செய்தவர்கள் அந்தந்தக் கிராமத்துத் தன்னார்வலர்கள். இன்னும் முழுசாக முடியாததற்குச் சில நாடுகளில் நாய்களிடம் அது இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

மக்களைச் சேர்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. இறந்தவரின் உடலில் வைரஸ் நிறைய இருக்கும், உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவதில் பலருக்குத் தொற்றியது. முதலில் என்ன செய்தார்கள் என்றால் முழுக்கவச உடையில் வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள், எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில குடும்பங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து என்ன நடக்கும்? உடல்களை ஒளித்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள், பணியாளர்களைத் தாக்கிய ஊர்களும் உண்டு. பிறகுதான் குடும்பத்தையும் மதகுருமார்களையும் கூப்பிட்டுப் பேசினார்கள். தொடாமல், ஆனால் குடும்பத்தார் பார்க்கும்படி, பிரார்த்தனையோடு, பெயர் எழுதிய குழியில் அடக்கம் செய்யும் முறை வந்தது. அதற்கப்புறம்தான் பல ஊர்களில் மக்களே முன்வந்து தகவல் சொல்லத் தொடங்கினார்கள். மொத்தத்தில் 28,600-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தையை முதல் மாதமே நடத்தியிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன். கொசு எங்கே போயிற்று என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு கேள்வி பாக்கி. நான் மருத்துவம் படிக்காதவள், என்னால் உருப்படியாக என்ன செய்ய முடியும்? அப்புறம், மேல்மாடியில் ஒரு பெண் குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் இருந்து இன்று காலை இறங்கிவிட்டது. பரிசோதனைக்குப் போகலாம் என்று நேற்றுச் சொன்னேன், இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, இனி தேவையில்லை என்கிறார்கள். குழந்தை சோர்வாகப் படுத்திருக்கிறது, வயிறு வலிக்கிறது என்று சொல்கிறதாம். வற்புறுத்தலாமா?

தெருமுனை:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இரண்டாவதற்கு மருத்துவர் யாராவது உடனே வாருங்கள்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வையுங்கள். நீங்கள் போய்ச் செய்து கொடுக்க வேண்டாம், அவர்களோடு நின்று ஒருமுறை புழுவைக் காட்டுங்கள். கையில் ஒரு டார்ச் இருந்தால் போதும், நெளிகிற புழுவைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுவாரம் சொல்லாமலே கழுவுவார்கள். எந்த வீட்டில் காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லாதீர்கள், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பெயரோ வீட்டு எண்ணோ போடாதீர்கள். இந்த வாரம் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்கு மட்டும் தெரியப்படுத்தினால் போதும், அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறுவதை அவர்களுக்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுவீர்கள். காய்ச்சலில் இருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள், ஏடிஸ் பகலில்தான் அதிகம் கடிக்கும். யாரும் விளையாடச் சேர்க்காத அந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளைகளோடு விளையாடக் கூப்பிடுங்கள், எல்லோரும் பார்க்கிற இடத்தில். பத்து விளக்கக் கூட்டம் போடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இரவுப்பணி:

மருத்துவராக இருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன். மழைத்துளி, வற்புறுத்துங்கள், இன்றே, இப்போதே.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, காய்ச்சல் வந்து 3 முதல் 7 நாளுக்குள். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்த அழுத்தம் குறையலாம், அந்த 24 முதல் 48 மணி நேரத்தைத் தாண்டுவதுதான் முக்கியம். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, சோர்வு, வயிற்றுவலி என்று நீங்கள் சொல்வது அப்படியே இதோடு பொருந்துகிறது. டெங்குவாக இல்லாமலும் இருக்கலாம், அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வீட்டில் படுக்க வைத்து ஊகிக்கக்கூடாது. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், கை கால் சில்லென்று ஆவது, சிறுநீர் குறைவது, குழந்தை வழக்கத்துக்கு மாறாக மயங்கிக் கிடப்பது அல்லது எரிந்து விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதுவரை என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஐபுபுரோபென், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், கொடுத்திருந்தால் அங்கே போனதும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். போகும் வழியில் குடிக்க முடிந்தால் ஓஆர்எஸ் கரைசலை ஒவ்வொரு வாயாகக் கொடுக்கட்டும். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதையும் காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள், பதற்றத்தில் மறந்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று கிளம்பிவிட வேண்டாம், ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு ஏறுகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள், நீர் கசிவதை அதுதான் காட்டிக்கொடுக்கும். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.